ஏழாவது வரி

பாண்டான் லூப், நான்காம் மாடி.
கப்பல்களுக்கு வால்வும் வாஷரும் விற்கும் அலுவலகம்.
மேடம் சியா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
"நேற்றுத்தானே அழித்தாய், மறுபடி வந்திருக்கிறது" என்கிறார்,
கரப்பான் பூச்சி மருந்தடிக்க வந்தவரிடம் பேசும் குரலில்.

வந்துதான் இருக்கிறது.
பட்டியலில் ஏழாவது வரி.
ஆங்கில எழுத்தில் 'கணக்கு' என்று பெயர்.
தினமும் அதிகாலை இரண்டு பத்துக்கு எழுந்து
அன்றைய இன்வாய்ஸ்களை அள்ளிக்கொண்டு
கே டிரைவைத் தேடிப் போகும்.
கே இல்லை என்று கண்டு
சிவப்பாய் ஒரு பிழைச் செய்தியை வைத்துவிட்டுப் படுத்துவிடும்.

கே இந்தக் கட்டடத்திலேயே இல்லை.
அதன் ஒயர் மட்டும் மேசைக்கடியில்
தூசி உடுத்திச் சுருண்டு கிடக்கிறது.

அழித்தேன்.
அட்மினாக நுழைந்து அழித்தேன்.
அது குடியிருந்த கோப்புறைக்குள் இறங்கி
பாயும் தலையணையும் மிச்சமில்லாமல் காலி செய்தேன்.
ரெஜிஸ்ட்ரியில் தேடினேன். வைரஸா என்று பார்த்தேன், இல்லை.
கணினியை அணைத்து, ஏற்றி,
கீழே போய்க் கோப்பி ஓ கோசொங் வாங்கிவந்து
மூடியைத் திறக்கிறேன்,
ஏழாவது வரி.
துடைத்த பலகையில் மிஞ்சிய சுவடு போல அல்ல.
இப்போதுதான் எழுதியது போல, மை காயாமல்.

அப்புறம்தான் உறைத்தது.
தானாக வருவதில்லை இது,
யாரோ அனுப்புகிறார்கள்.

சர்வர், கழிவறைக்குப் பக்கத்து அறையில்,
அச்சுத்தாள் பெட்டிகளுக்குப் பின்னால்.
அதில் எட்டு வருடத்துப் பழைய கட்டளை ஒன்று
தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை
எல்லாக் கணினிகளின் கதவையும் தட்டி
கணக்கு இருந்தால் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக,
இல்லையென்றாலும் புதிதாக,
வைத்துவிட்டுப் போகிறது.
நானோ காலையிலிருந்து
கிளையில் உட்கார்ந்து இலை கிள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழுதியவர்: ஜபருல்லா.
கீழே, 'விவரம்' என்ற கட்டம்.
யாரும் எதுவும் நிரப்பாத கட்டம் அது.
அதில் ஆங்கில எழுத்தில் தமிழ்:
அழிக்காதே தம்பி. அழிச்சாலும் வரும்.
மார்ச் பதினாலை மறக்காதே.

எத்தனை டெக்னீஷியன்கள்
இதை ஏதோ கோட் என்று தாண்டிப் போனார்களோ.
நான் தம்பி இல்லை.
இருந்தாலும் கடிதம் எனக்குத்தான்.

மார்ச் பதினாலு என்றேன்.
மேடம் சியாவின் நெற்றியிலிருந்து கண்ணாடி இறங்கியது.
மேல்மாடி ஏர்கான் குழாய் உடைந்த இரவாம்.
மூன்று வருட இன்வாய்ஸ் தண்ணீரோடு போனதாம்.
ஜபருல்லா பதினொரு நாள், இதோ இந்த நாற்காலியில்,
ஈரத்தாள்களை ஃபேனுக்கு முன்னால் பிரித்துப் பிரித்து
ஒவ்வொரு எண்ணாகத் தட்டி ஏற்றினாராம்.
"போகும்போது சொன்னான், நான் போனாலும் அது ஓடும் என்று.
எது என்று நான் கேட்கவில்லை."
ஃபோன் நம்பர்?
"மாற்றிவிட்டான் லா."

அழிக்கும் பொத்தான் இப்போது சரியான இடத்தில் இருந்தது.
ஒரு சொடுக்கு. திரும்பாது.

என் பையில் புது டிஸ்க் ஒன்று இருந்தது,
உபியில் வேறொருவருக்காக வாங்கியது.
செருகினேன். கே என்று பெயர் வைத்தேன்.
கணக்கைக் கையால் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.
இருபத்து மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டது.
பிறகு அந்த விவரக் கட்டத்தில்,
தம்பிக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு
தங்கச்சி என்று சேர்த்தேன்.

வேலைச் சீட்டில் 'பழுது' என்ற இடத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒரு கோடு.
கையெழுத்துப் போட்டபடியே கேட்டார்,
"இனிமேல் வராதுதானே?"

வரும் என்றேன்.

டிஸ்க்கின் விலையை அவர்
இரண்டு தடவை பார்த்தார்.